இன்னொரு தடவை அறுக்கலாமா இந்த மூக்கை

மூக்கால் மூச்சு விடுகிற எல்லோர் மேலும் எனக்குப் பொறாமை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வாயை மூடிக்கொண்டு அசந்து தூங்குகிறவர்களைக் கண்டால், தட்டி எழுப்பிச் சண்டை போடலாமா என்றுகூடத் தோன்றும். பதினோரு மாதமாக வாயால் மூச்சு விட்டுத்தான் உயிரோடு இருக்கிறேன். காலையில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றித்தான் பிரிக்க வேண்டும்.

நாளைக் காலை எனக்கு இரண்டாவது ஆபரேஷன். நகரத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் பார்வையாளர் நேரத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் யாரும் வந்து ஊசி போட மாட்டார்கள். பக்கத்துக் கட்டில் அக்கா, "இன்னாம்மா, லவ் லெட்டரா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். என்னைப் போலவே மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, செய்யலாமா வேண்டாமா என்று ஒருத்தி எங்காவது தவித்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை. மறைத்துப் பட்டது போதும்.

என் பெயர் கலைவாணி. பிறந்தது பருத்திப்பட்டு, வாழ்க்கைப்பட்டது கரையான்சாவடி. திருமழிசை எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் சுரேஷ் அதே எஸ்டேட்டில் வேறொரு இடத்தில் லேத் ஓட்டுகிறார். ஏழு வயதில் ஏரிக்கரையில் சைக்கிளிலிருந்து குப்புற விழுந்தேன். மூக்கு வலப் பக்கமாக வளைந்தது. அன்றிலிருந்து இடது துவாரம் அடைப்புதான். தலைவலி, தீராத சளி, குறட்டை. "லாரிய ரிவர்ஸ் எடுக்கிற மாறி கீதுடி உன் கொறட்ட" என்பார் சுரேஷ். சிரிப்பாகத்தான் சொல்வார். எனக்குத்தான் சுருக்கென்று குத்தும்.

முதல் ஆபரேஷனுக்கு முடிவெடுக்க எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பூந்தமல்லியில் சின்னதாக ஒரு மருத்துவமனை வைத்திருந்த டாக்டர், அதிகம் பேசாதவர், ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். இரண்டு துவாரத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. எனக்கு அந்தச் சுவர் கோணிக்கொண்டு ஒரு வழியை அடைத்திருக்கிறது. அதை நேராக்கி, வெளி எலும்பையும் கொஞ்சம் நிமிர்த்தலாம். "கஷ்டப்படறது நீங்க. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது, செய்யுங்கள் என்றேன்.

நன்றாகவே செய்தார். இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். மூக்கில் அடைத்திருந்த பஞ்சை இரண்டாம் நாள் உருவியபோது உயிரே போனது மாதிரி வலித்தது. அடுத்த நொடி இரண்டு பக்கமும் குளிர்ந்த காற்று உள்ளே போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு காற்றையா இத்தனை நாள் எல்லோரும் சும்மா இழுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். அன்று இரவு குறட்டைச் சத்தமே இல்லாததால், எனக்கு மூச்சு இருக்கிறதா என்று சுரேஷ் இரண்டு முறை எழுந்து பார்த்தாராம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தமிழில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு மூக்குத்தி கூடாது. கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஆபரேஷனுக்காக என் மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். அந்த ஓட்டை சில வாரத்தில் தூர்ந்துபோனது.

இரண்டரை மாதத்தில் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் வந்தது. பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுபோகும்போது முதல் தட்டை மூத்த மருமகள்தான் தூக்க வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம். மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தியை வாங்கிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஏன்டி கலை, ஊட்டுக்கு மூத்த மருமவ, மூளி மூக்கோடயா தட்டு தூக்கினு போவ? டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டுகினு போட்டுக்கோ."

அவர் கேட்கத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், எனக்குத் தெரியும். மூக்கு நிமிர்ந்த பிறகு எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று தேங்காய் எண்ணெய் தடவி, பழைய இடத்திலேயே திருகாணியை வைத்து அழுத்தினேன். தோல் கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டத் திருகினேன். அத்தை வந்து பார்த்து, "டாக்டரு சரின்னாரா?" என்றார். "போட்டுக்கலாம்னு சொல்லிட்டார் அத்தே" என்றேன்.

ஒரே ஒரு பொய். அதன் கூலியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் மூக்கு தக்காளி மாதிரி வீங்கியது. மஞ்சள் பத்துப் போட்டேன். ஆறாம் நாள் குளிர் காய்ச்சல். கண்ணுக்குக் கீழே வரை வீக்கம். அதே டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே சீழ். அவர் சொன்னது அப்போது பாதிதான் மண்டையில் ஏறியது: குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கிற சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நடுவில் சீழ் கட்டி, சவ்வைப் பிரித்துவிட்டால் குருத்தெலும்பு பட்டினி கிடந்து செத்துப்போகும். ஏற்கெனவே கைவைத்த மூக்கு, இன்னும் சீக்கிரம் கெடும். அன்றே கீறிச் சீழை எடுத்தார். எட்டு நாள் டிரிப்ஸ். ஒரு கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் அடுத்த கை, அதிலும் கிடைக்காமல் புறங்கால்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது, மூக்கின் நடுப்பகுதி அமுங்கிப்போயிருந்தது. நெற்றியிலிருந்து இறங்கிவரும் மேடு பாதியில் பள்ளமாகி, நுனி மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நர்ஸ் கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சுரேஷ் டாக்டரின் அறைக்குள் புகுந்து மேஜையைத் தட்டினார்.

"நீதான மூக்குத்தி போட்டுக்கலாம்னு சொன்ன? இப்ப இன்னாத்துக்கு முழிக்கிற?"

"நான் சொல்லவே இல்லையே" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். டிரிப்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றிருந்தேன். நான் பாட்டிலைப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. சுரேஷ் திட்டத் திட்ட, குனிந்து கேஸ் ஷீட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து வழக்கம்போல என் மூக்கைச் சுத்தம் பண்ணிவிட்டுப் போனார். கை மட்டும் முன்னைவிட மெதுவாக இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அத்தை மருத்துவமனை வாசலில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி இறைத்தார். "எம் மருமவ மூக்க அழிச்ச கை வெளங்காமப் போவணும்! இந்த வாசல்ல ஈ காக்கா அண்டக் கூடாது!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். மண் வாரித் தூற்றினால் பலிக்கும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்புவார்கள், நானும் நம்புவேன். ஆட்டோவுக்குள் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது? முதல் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு துவாரமாவது வேலை செய்தது. இப்போது இரண்டும் போயிற்று. மூச்சை இழுத்தால் மூக்கின் இரண்டு ஓரமும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். தலையணை மூன்றை அடுக்கி உட்கார்ந்தபடி தூங்கினேன். வேலைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். முகத்தை மறைக்கத்தான், ஆனால் அதற்குள் வாயால் மூச்சு விட்டு விட்டு மயக்கம் வந்தது. மகள் யாழினிக்கு ஆறு வயது. "அம்மா, உன் மூக்கு எப்ப திரும்ப மொளைக்கும்?" என்று கேட்டாள்.

ஒருநாள் கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சாப்பாடு என்றால் மெல்லு, நிறுத்து, மூச்சு விடு, மறுபடி மெல்லு. அன்று லைனில் அவசரம். மெல்லும்போதே மூச்சு இழுத்துவிட்டேன். பருக்கை மூச்சுக்குழாயில் போய்விட்டது. கண் இருண்டது, காதில் இரைச்சல். கூட வேலை செய்கிற பெண்கள் முதுகில் அடி அடியென்று அடித்து வெளியே வரவழைத்தார்கள். தரையில் உட்கார்ந்து இருமி இருமி அழுதேன். இப்படியே இருந்தால் ஒருநாள் சோற்றுத் தட்டு முன்னாலேயே செத்துப்போவேன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சுரேஷ் விடுப்பு எடுத்து இந்தப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிவந்தார். விடியும் முன்னே வரிசை. மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கில் திணித்து, விளக்கு வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். வலி இல்லை, மூளை வரைக்கும் எதுவோ போகிற மாதிரி ஒரு பயம்தான். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா, ஐம்பது வயது இருக்கும், சுற்றி வளைக்காமல் பேசினார்.

"நடுச்சுவர்ல முன்பாதி இல்ல. கரைஞ்சு போச்சு. வீடு கட்டும்போது தூணை எடுத்துட்டா மேல்தளம் உட்காரும்ல, அதான் ஆயிருக்கு. தூண் வைக்கணும். மூக்குல எடுக்க மிச்சம் இல்ல, காதுல இருக்கிறது பத்தாது. விலா எலும்போட முனையில குருத்தெலும்பு இருக்கும். மார்புக்குக் கீழ கீறி அதுல ஒரு துண்டு எடுத்துச் செதுக்கி வைப்போம்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"மூச்சு நல்லா வர வாய்ப்பு இருக்கு. உறுதி குடுக்க மாட்டேன். வெச்ச துண்டு வளையலாம், மறுபடி சீழ் வைக்கலாம். முதல் தடவை பண்றதுக்கும் கெட்டதைச் சரிபண்றதுக்கும் நிறைய வித்தியாசம். உள்ளே எல்லாம் தழும்பு. வீட்ல பேசிட்டு வாங்க."

வீட்டில் எங்கே பேசுவது? அத்தை ஒரே பிடியாக நின்றார். "ஒர்த்தன் கெடுத்தது போதாதா? இப்ப நெஞ்சயும் அறுக்கணுமா? அவன் போட்டுக்கோன்னு சொல்லி அழிச்சான், இவங்க இன்னா சொல்லி அழிப்பாங்களோ! டாக்டருங்க பேச்ச நம்பாத நைனா." நைனா என்றது சுரேஷை. அவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அம்மா சொல்றதும் கரெக்டுதான் கலை. இருக்கிறதும் பூட்டா இன்னா பண்றது?" என்றார்.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் செய்தே தீருவது என்பேன். மறுநாள் மார்பைத் தடவிப் பார்த்து, ஐயோ வேண்டாம், வாயாலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்பேன். மறுபடி கெட்டால் மூன்றாவது தடவை எதை அறுப்பார்கள்? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். என் பொய்தான் என் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? உண்மையைச் சொன்னால் கல்லை வாங்கிவந்த அத்தை உடைந்துபோவார். அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சும்மா. என் மானம் போகும் என்றுதான் சொல்லவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் நான் தனியாகப் போனேன். பூந்தமல்லி மருத்துவமனையிலிருந்து வரவழைத்திருந்த கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே, "மூக்குத்தி போட யார் சொன்னது?" என்றார். "பழைய டாக்டர்தான்" என்று வாய் தானாகச் சொன்னது. அவர் ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தார். ஆறு மாதத்துக்கு மூக்குத்தி கூடாது.

"இது யார் கையெழுத்து?"

தாளின் அடியில் இருந்த என் பெயரை விரலால் மூடினேன்.

"நீங்க மூக்குத்தி போட்டதுல எனக்குக் கோபம் இல்ல. எங்கிட்ட பொய் சொல்ற பேஷன்ட்டை நான் டேபிள்ல ஏத்த மாட்டேன். நாளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மறைப்பீங்க. வீட்ல உண்மையைச் சொல்லிட்டு, அவங்களோட வாங்க. அப்புறம் தேதி பார்க்கலாம்."

பூந்தமல்லி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுரேஷ் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே சொன்னேன்.

"அத்தே, அந்த டாக்டர் போட்டுக்கச் சொல்லல. நான் கேக்கவே இல்ல. பொய் சொன்னேன்."

அத்தையின் கை கீரையிலேயே நின்றது. "மண்ண வாரி வுட்டேனேடி" என்றார். "புள்ளகுட்டிக்காரன் வாசல்ல மண்ண வாரி வுட்டேனேடி, பாவி."

சுரேஷ் என் பக்கத்தில் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். "அந்த ஆள அடிக்கப் போனேன் கலை. சட்டையப் புடிச்சிருப்பேன். எதுருல நின்னுகினு பாத்துகினு இருந்தியே!" என்றார். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அத்தை ஒரு குடத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினார். என்னைக் கூப்பிடவில்லை. பின்னாலேயே போன சுரேஷ்தான் பிறகு சொன்னார். மருத்துவமனை வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, படியைத் தொட்டுக் கும்பிட்டாராம். டாக்டர் வெளியே வந்து, "எதுக்கும்மா இதெல்லாம், எழுந்திரிங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாராம். என் ஆபரேஷன் பற்றிக் கேட்டதற்கு, அந்த டாக்டரம்மா கெட்டிக்காரர், தைரியமாகச் செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்றாராம். நானும் போய் அவர் காலில் விழ வேண்டும். இன்னும் போகவில்லை. அந்த வாசலை மிதிக்க எனக்கு முகம் இல்லை.

சுரேஷோடு போய் டாக்டரம்மாவிடம் தேதி வாங்கினேன். வழி திறந்துவிட்டது. யாரும் இப்போது வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல ஆளில்லாமல் போனதும்தான் பயம் முழுசாக என் தலையில் வந்து விழுந்தது. ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, மயக்க டாக்டரின் சம்மதம் என்று ஒவ்வொன்றாக முடிந்தது. எதிலாவது ஒரு கோளாறு வந்து நிறுத்திவிடாதா என்று உள்ளுக்குள் வேண்டினேன். எல்லாம் நன்றாக இருந்தது. எழுதுகிறேன் என்பதற்காகத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். செய்யலாமா வேண்டாமா என்று கேட்கிறவளுக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் தடவை என்றால், அந்தத் தாளில் எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியையும் மதித்து நட என்பேன். இரண்டாவது தடவை என்றால், மூச்சு விடாமல் எத்தனை நாள் இருப்பாய் என்று உன்னையே கேட்டுக்கொள் என்பேன். நான் கேட்டுக்கொண்டேன். அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

உண்மையைச் சொன்ன நாளிலிருந்து நேற்று வரை அத்தை என்னோடு பேசவில்லை. சோறு போட்டு மூடி வைப்பார், வெந்நீர் காய்ச்சி வைப்பார், என் துணியையும் சேர்த்துத் துவைப்பார், பேச்சு மட்டும் கிடையாது. இருபத்திரண்டு நாள். நேற்று டாக்டரம்மா குடும்பத்துக்கு விளக்க வேண்டும் என்று கூப்பிட்டபோது சுரேஷின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். விலாவில் எந்த இடம், எவ்வளவு நீளம், எத்தனை நாள் வலிக்கும் என்று டாக்டரம்மா என் நைட்டியின் மேல் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தை சுரேஷை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவுளுத எதுக்கு டாக்டரம்மா அறுக்கறீங்க? என்னுதுல எடுத்துக்கங்க. கல்லு வாங்கினு வந்தவ நான்தான்."

டாக்டரம்மா முதலில் சிரிக்கப் பார்த்தார். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "உங்க வயசுக்கு அது இறுகி எலும்பாயிருக்கும்மா. அதோட, ஒருத்தரோடது இன்னொருத்தருக்குச் சேராது."

"சேராதுன்னு எப்டி சொல்றீங்க? எட்டு வருசமா ஒரே பானைலதான துன்றோம்."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதால் எனக்கு இருக்கிற கொஞ்ச மூச்சும் அடைத்துக்கொள்ளும். வாயைப் பிளந்துகொண்டு, தரையில் போட்ட மீன் மாதிரி திணறினேன். அத்தை கட்டிலில் ஏறி உட்கார்ந்து என் முதுகை நீவினார்.

"அழாதடி கலை" என்றார். "மூச்சு வுடு மொதல்ல."